போலோ 1.2 டிஎஸ்ஐ கார்: முன்னாடி ஸ்பிரிங் 5 கிலோவா, 6 கிலோவா?

மக்களே, ஸ்பிரிங் ரேட்ல (ஸ்பிரிங் ஒரு மிமீ அமுங்க எத்தனை கிலோ வேணும்ங்கிற கணக்கு) ஒரு முடிவுக்கு வர உதவி வேணும். வாரம் பூரா வேளச்சேரி ரோடு, எப்பவாவது இருங்காட்டுக்கோட்டை டிராக்.

டிரைவரையும் சேர்த்து காரோட எடை 1180 கிலோ. ஒரு முன்சக்கரத்துக்கு 365, பின்சக்கரத்துக்கு 225. சக்கரம், பிரேக் எல்லாம் கழிச்சா ஸ்பிரிங் தாங்குறது 330, 195. அளந்து பார்த்த மோஷன் ரேஷியோ (சக்கரம் ஒரு மிமீ ஏறினா ஸ்பிரிங் எத்தனை மிமீ அமுங்குது) முன்னாடி 0.95, பின்னாடி 0.75. இதை ஸ்கொயர் பண்ணித்தான் ஸ்பிரிங் ரேட்டோட பெருக்கணும். பாதிப் பேர் இங்கதான் கோட்டை விடுறாங்க.

முன்னாடி 5, பின்னாடி 6 கிலோ/மிமீ போட்டா, கார் மேலும் கீழும் ஆடுறது 1.84, 2.07 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு இத்தனை தடவை; கூடக்கூட விறைப்பு) வருது. முன்னாடி 6, பின்னாடி 8 போட்டா 2.02, 2.39. ஸ்லிக் (வரியில்லாத ரேஸ் டயர்) இல்லாத ஸ்ட்ரீட் டயருக்கு இந்த ரெண்டாவது செட் ஓவர்னுதான் தோணுது.

இன்னொரு சிக்கல்: 6 கிலோ ஸ்பிரிங் கார் நிக்கும்போது 58 மிமீதான் அமுங்குது. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன்பக்கத் தூண்) அங்கிருந்து கீழ இறங்குற தூரம் 65. ஸ்பீட் பிரேக்கர் தாண்டி சக்கரம் தொங்கினா மிச்ச 7 மிமீக்கு ஸ்பிரிங் லூசாகி, திரும்ப உட்காரும்போது 'டக்'னு அடிக்கும். 5 கிலோன்னா 69 மிமீ, தப்பிச்சிடும்.

கேள்வி ரெண்டு. ஹெல்பர் ஸ்பிரிங்கோட (மெயின் ஸ்பிரிங் லூசாகாம பிடிச்சுக்கிற சின்ன ஸ்பிரிங்) 6 ஓட்டுறவங்க இருக்கீங்களா, அது முழுசா அமுங்கி எத்தனை மிமீ இடம் தின்னுது? 5-க்கு வால்வு செட் பண்ண டாம்பர் (ஷாக் அப்சார்பர்) 6-ஐ ரீபவுண்ட்ல (அமுங்கின ஸ்பிரிங் திரும்ப விரியும்போது) அடக்குமா, இல்ல உள்ள வால்வை மாத்தி ரீவால்வ் பண்ணியே ஆகணுமா? பின்னாடி ஆன்ட்டி-ரோல் பார் (கார் சாயாம தடுக்கிற கம்பி) ஐடியா வேண்டாம், வளைவுல உள்பக்கப் பின்சக்கரம் ஏற்கெனவே தூக்குது.