கிட்டார் கம்பி: எதை மாட்டலாம், எத்தனை நாள் வரும்?

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கூஸ்டிக் கிட்டாரில் புதுக் கம்பி மாட்டி ஆறு வாரம்தான் ஆகிறது, அதற்குள் ஓசை மந்தமாகிவிட்டது. நேற்று நான்காவது கம்பியின் அடியில், இரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) நேராக, நகத்தால் தடவிப் பார்த்தேன். சுற்றியிருக்கும் இழை தேய்ந்து சின்னப் பள்ளமே விழுந்திருக்கிறது. துடைத்த துணியெல்லாம் கருப்பு. தினமும் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன், கை நன்றாகவே வியர்க்கும். (வாசித்து முடித்ததும் துடைக்கச் சோம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன்.)

இப்போது இருப்பது 80/20 பிரான்ஸ் (80 சதவீதம் செம்பு, 20 சதவீதம் துத்தநாகம்), தடிமன் 12 கேஜ்; அதாவது முதல் கம்பி 0.012 அங்குலம். மாட்டிய புதிதில் கணீரென்று இருந்தது. அடுத்து பாஸ்பர் பிரான்ஸ் போடலாமா என்று யோசிக்கிறேன். துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும் கலந்தது, ஓசை கொஞ்சம் கனிவாக இருக்கும், சீக்கிரம் கருக்காது என்கிறார்கள். வியர்க்கும் கைக்கும் அப்படித்தானா?

இல்லை, கோட்டிங் (கம்பிமேல் மெல்லிய பூச்சு) உள்ளதையே வாங்கிவிடலாமா? விலை அதிகம், அது சரி. ஆனால் நண்பர் கிட்டாரில் வாசித்தபோது விரலுக்கடியில் வழுக்குகிற மாதிரி இருந்தது. போகப் போகப் பழகிவிடுமா? உங்களுக்கு அது எத்தனை மாதம் வந்தது?

அப்புறம் இன்னொன்று. எஃப் பார் கார்டு (ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்துவது) பிடிக்க விரல் வலிக்கிறது, அதனால் 11 கேஜுக்கு இறங்க ஆசை. இழுவிசை குறைந்தால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையுமா, டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) திருக வேண்டிவருமா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.