புதுசா சிக்கின இண்டி ஃபோக் குழு: கார்டு எதுவும் பொருந்த மாட்டேங்குது, ட்யூனிங்கை எப்படிப் பிடிக்கிறது?

தந்திமீட்டி:
மூணு பேர் இருக்கிற சின்னக் குழு. ரெண்டு கிட்டார், ஒரு பான்ஜோ, மூணு குரல். பேஸ், டிரம்ஸ் கிடையாது. இதுவரைக்கும் அஞ்சு பாட்டுள்ள ஒரே ஒரு ஈபி. இப்போதைக்கு வேற எந்தப் பாட்டும் காதுல ஏறவே மாட்டேங்குது. கேட்டா மட்டும் பத்தாது, வாசிச்சே ஆகணும்.

இணையத்துல டேப் (எந்தத் தந்தியில எங்கே அழுத்தணும்னு எழுதின குறிப்பு) எதுவும் இல்ல. தானா கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக்கூட்டு) கண்டுபிடிக்கிற தளத்துல போட்டா முதல் பாட்டுக்கு டி, ஜி, ஏ-ன்னு காட்டுது. வாசிச்சா தப்பா இல்ல, ஆனா அந்தப் பாட்டாவும் இல்ல. கார்டு மாறும்போதும் பின்னாடி டி-யும் ஏ-வும் தம்புரா மாதிரி நிக்காம ஒலிச்சுக்கிட்டே இருக்கு. ரெண்டாவது பாட்டுல ட்யூனர் ஆப் அடியில சி காட்டுது. மூணாவது டி-யும் இல்ல, டி ஷார்ப்பும் இல்ல, நடுவுல நிக்குது. நாலாவதுல கிட்டார் 'டொக் டொக்'னு கட்டையா அடங்கி ஒலிக்குது. கையில இருக்கிறது சாதாரண அக்கூஸ்டிக், 0.012 செட் தந்தி, ஒரு கேப்போ (எல்லாத் தந்தியையும் ஒரே இடத்துல அழுத்திப் பிடிக்கிற கவ்வி). எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

ஆறாம்தந்தி:
கார்டு தளங்கள் அந்தந்த நொடியில் கேட்கும் ஸ்வரங்களை எடுத்து, பக்கத்தில் இருக்கும் மேஜர் அல்லது மைனருக்குள் தள்ளிவிடும். ஜி-க்கு மேல் ஏ-வும் டி-யும் ஒலித்தால் அது ஜி சஸ் 2 (மூன்றாம் ஸ்வரத்துக்குப் பதில் இரண்டாம் ஸ்வரம் வரும் கார்டு). தளம் வெறும் 'ஜி' என்று எழுதிவிட்டுப் போய்விடும். ஃபோக் கிட்டாரின் உயிரே அந்த விட்டுப்போன ஸ்வரங்களில்தான் இருக்கிறது.

எனவே கார்டைத் தேடாதீர்கள், திறந்த (விரல் அழுத்தாத) தந்திகளைத் தேடுங்கள். அழுத்திய ஸ்வரம், விரல் எடுத்த கணத்தில் அறுந்துபோகும். திறந்த தந்தி கார்டு மாறும் இடத்தைத் தாண்டியும் ஒலிக்கும். வேகத்தைப் பாதியாக்கி, கார்டு மாறும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, எந்த ஸ்வரங்கள் தாண்டி வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பாட்டில் அவை டி-யும் ஏ-வும். இரண்டு ட்யூனிங்குகள் முதலில் நினைவுக்கு வருகின்றன: டி-ஏ-டி-ஜி-ஏ-டி (தடித்த ஆறாவது தந்தியிலிருந்து ஒன்றாவது வரை), அல்லது ஓப்பன் டி (டி-ஏ-டி-எஃப் ஷார்ப்-ஏ-டி; எதையும் அழுத்தாமல் மீட்டினாலே டி கார்டு). மூன்றாவது தந்திதான் வித்தியாசம். டி கார்டில் எஃப் ஷார்ப் தெளிவாகக் கேட்டால் பெரும்பாலும் ஓப்பன் டி. மேஜரா மைனரா என்றே பிடிபடாமல் வெறுமையாக ஒலித்தால், அவ்வப்போது ஒரு ஜி வந்து உரசினால், டி-ஏ-டி-ஜி-ஏ-டி. 1960-களில் இங்கிலாந்தின் டேவி கிரஹாம் பரப்பியது இது; அதன்பின் ஃபோக் உலகம் அதை விடவே இல்லை.

சாதாரண ட்யூனிங்கிலிருந்து (ஈ-ஏ-டி-ஜி-பி-ஈ) டி-ஏ-டி-ஜி-ஏ-டி-க்கு மாற்ற 6, 2, 1 ஆகிய மூன்று தந்திகளையும் ஒரு முழு டோன் இறக்கினால் போதும். எதையும் ஏற்றுவதில்லை, அறுபடும் பயம் இல்லை. மூன்றை இறக்கியதும் கழுத்தின் இழுவை குறைந்து, தொடாத மூன்றும் லேசாக ஏறிவிடும். அதனால் ட்யூனரில் இரண்டு சுற்று வாருங்கள். பிறகு மூன்றாவது தந்தியின் 2ஆம் ஃப்ரெட்டை மட்டும் அழுத்தி ஆறு தந்தியையும் மீட்டுங்கள், அதுதான் டி. ஆறாவதிலும் நான்காவதிலும் 5ஆம் ஃப்ரெட்டை அழுத்தி, ஐந்தாவதை அடக்கி, மற்றவற்றைத் திறந்து விட்டால் ஜி. பாட்டோடு சேர்த்து வாசித்தால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது பாட்டில் ட்யூனர் 'சி' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். எந்த ஆக்டேவ்? சாதாரண ட்யூனிங்கில் ஐந்தாவது தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டும் சி-தான், 130.8 ஹெர்ட்ஸ். ஆறாவதை இறக்கியிருந்தால் 65.4 ஹெர்ட்ஸ் வரும். ஃபோன் ஸ்பீக்கரில் அது கேட்காது, ஹெட்ஃபோன் வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண் எப்போது ஒலிக்கிறது என்று காட்டும் படம்) பார்வைக்குப் போய் 82 ஹெர்ட்ஸுக்குக் கீழே நிலையான கோடு இருக்கிறதா பாருங்கள். குழுவில் பேஸ் இல்லாததால், இருந்தால் அது இறக்கிய கிட்டார்தான். முதலில் முயல வேண்டியது ஓப்பன் சி: சி-ஜி-சி-ஜி-சி-ஈ.

மூன்றாவது பாட்டுக்குக் கிட்டாரைத் தொடவே வேண்டாம். ட்யூனர் டி-க்கு மேலே 35 சென்ட் (100 சென்ட் ஒரு செமிடோன், அதாவது அரை டோன்) காட்டினால், ஆடாசிட்டியின் பிட்ச் மாற்றும் எஃபெக்டில் -0.35 செமிடோன் கொடுத்துப் பாட்டை உங்களிடம் இழுத்துக்கொள்ளுங்கள். ஒலிநாடாவில் பதிவு செய்து, அது 2 விழுக்காடு வேகமாக ஓடினாலே 34 சென்ட் ஏறிவிடும். ட்யூனர் இல்லாமல் பான்ஜோவுக்குச் சேர்த்து ஸ்ருதி வைத்தாலும் இப்படி நடக்கும்.

இடதுகாது:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா ரெண்டு கிட்டார் இருக்குங்கறதை மறந்துடாதீங்க. ரெண்டையும் சேர்த்து ஒரே கையில வாசிக்கப் பார்த்தா எந்த ட்யூனிங்லயும் வராது. முதல்ல ஒரு பக்க ஹெட்ஃபோனை மட்டும் மாட்டிக் கேளுங்க. பொதுவா இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணுன்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஒருத்தர் கேப்போ இல்லாம டி வடிவம், இன்னொருத்தர் 7ஆம் ஃப்ரெட்ல கேப்போ போட்டு ஜி வடிவம். ரெண்டும் ஒலிக்கிறது டி-தான், இடம் வேற.

குரல் குறுக்கே வந்தா, ஸ்டீரியோவை ரெண்டு மோனோவா பிரிச்சு, ஒண்ணைத் தலைகீழா திருப்பி, ரெண்டையும் சேர்த்து மோனோவா மாத்துங்க. நடுவுல இருக்கிற குரல் பெரும்பாலும் காணாமப் போயிடும், ஓரத்துல இருக்கிற கிட்டார் மிஞ்சும். எதிரொலி கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்கும், பரவாயில்ல. டெமக்ஸ் மாதிரி பிரிச்செடுக்கிற மென்பொருளும் உண்டு. அதோட வழக்கமான வடிவம் டிரம்ஸ், பேஸ், குரல், மற்றவைன்னு நாலாத்தான் பிரிக்கும். கிட்டாரும் பான்ஜோவும் ஒரே மூட்டையில வந்து விழும், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

ஒரு கிட்டார் கண்ணாடி மாதிரி மெலிசா, 12 தந்தி கிட்டார் மாதிரி மினுங்குதா? அப்போ அது நாஷ்வில் ட்யூனிங்கா இருக்கலாம்: 6, 5, 4, 3 தந்திகளுக்குப் பதிலா மெல்லிய தந்தி போட்டு ஒரு ஆக்டேவ் மேல வைக்கிறது.

நாலாவது பாட்டோட 'டொக் டொக்' ரப்பர் பிரிட்ஜ் கிட்டாரா (தந்தி உட்கார்ற பிரிட்ஜுல ரப்பர் வெச்சு ஒலியை அடக்கினது) இருக்கும்னு நினைக்கிறேன். இண்டி ஃபோக்ல இப்போ அது பரவலா கேட்குது. அதுக்காகப் புது கிட்டார் வாங்காதீங்க. விரல் கனத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு துண்டை வெட்டி, பிரிட்ஜுக்கு முன்னாடி ஒட்டினாப்ல தந்திக்கு அடியில செருகுங்க. ஒலி உடனே செத்துப்போச்சுன்னா ஸ்பாஞ்சு கனம் அதிகம். மெலிசாக்கி, பிரிட்ஜ் பக்கமா இன்னும் தள்ளுங்க. ஸ்வரம் ஒரு நொடி நின்னு அடங்கணும். பழைய, பளபளப்பு போன தந்தியில இது இன்னும் நல்லா வரும்.

மூன்றாம்குரல்:
கிட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், இந்த மாதிரிக் குழுக்களில் பாதி வேலை குரலில். மெட்டுக்கு மேலே மூன்றாம் ஸ்வரத்தில் இணையாகவே போகும் என்று நினைத்துத் தேடினால் சறுக்கும். நடுக்குரல் பெரும்பாலும் கார்டுகளுக்குப் பொதுவான ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நிற்கும். ஜி-யிலிருந்து டி-க்குப் போகும் இடத்தில் டி-யைப் பிடித்துக்கொண்டு, மெட்டை விட்டுவிட்டு, நகராத குரல் எது என்று கேளுங்கள். அதைப் பிடித்துவிட்டால் மூன்றாவது குரல் தானாக விலகித் தெரியும்.

இன்னொன்று: குழுவிடமே கேட்டுவிடலாம். ஒரே ஒரு ஈபி போட்டவர்களுக்கு ஒரு வரிச் செய்தி: பாட்டின் பெயர், ஆறாவதிலிருந்து ஒன்றாவது வரை ட்யூனிங், கேப்போ எந்த ஃப்ரெட். 'எப்படி வாசிக்கிறீர்கள்?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் எழுத யாருக்கும் கை வராது. குழுக்கள் பாட்டை நேரடியாக விற்கும் பாண்ட்கேம்ப் தளத்தில் இருந்தால் ஃப்ளாக் (தரம் குறையாத ஒலி வடிவம்) கோப்பாகவே வாங்கிவிடுங்கள். ஆடாசிட்டிக்கு எப்படியும் ஒரு கோப்பு வேண்டும். அதோடு, டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 விழுக்காடுதான். ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், 12 மாதத்தில் 1000 முறை ஓடாத பாட்டுக்கு ராயல்டி எதுவும் கிடையாது. சின்னக் குழுவுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

தந்திமீட்டி:
முதல் பாட்டு டி-ஏ-டி-ஜி-ஏ-டி-தான், அப்படியே உட்கார்ந்துடுச்சு. ரெண்டாவது ஓப்பன் சி. ஆனா ஆறாவது தந்தி தொளதொளன்னு இருக்கு. ட்யூனர்ல சரியா நிக்குது, பலமா அடிச்சா மட்டும் ஸ்ருதி மேல ஏறி இறங்குது, ஃப்ரெட்ல மோதி இரையுது. கேப்போ போட்டா இன்னும் மோசம்.

ஆறாம்தந்தி:
நாலு செமிடோன் இறக்கினால் தந்தியின் இழுவை ஏறக்குறைய 63 விழுக்காடாகக் குறைந்துவிடும். தளர்ந்த தந்தியை ஓங்கி அடித்தால் அந்த நொடியில் அது நீண்டு ஸ்ருதி ஏறும். கேப்போ அழுத்தினாலும் அதே கதை. ஆறாவதை மட்டும் 0.053-லிருந்து 0.056 அல்லது 0.058-க்கு மாற்றுங்கள். அதற்கும் தடித்தால் நட்டில் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் துண்டு) உள்ள பள்ளத்தில் இறங்காமல் உட்காரும், அங்கே அரம் பிடிக்க வேண்டியிருக்கும். கேப்போ திருகு வைத்ததாக இருந்தால், இரைச்சல் நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்கி, ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டி வையுங்கள். போட்ட பிறகு மறுபடி ட்யூன் செய்யுங்கள். கட்டைவிரல் நகத்தால் அல்ல, சதையால், ஒலித்துளைக்கு மேலே மீட்டினால் பாதிப் பிரச்சினை தந்தி மாற்றாமலே போய்விடும். ஓப்பன் சி-யில் இரண்டாவது தந்தி மட்டும் பி-யிலிருந்து அரை டோன் ஏறுகிறது. செட் பழையதென்றால் முதலில் அறுபடுவது அதுதான், உபரியாக ஒரு 0.016 வாங்கி வையுங்கள்.