சிறிய பல்கலைக்கழகத்தில் விஸ்காம் படித்தால் ஒளிப்பதிவுக்குப் போக முடியுமா?

கேள்வி:
என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள்; ஒளிப்பதிவாளர் ஆக வேண்டும் என்கிறாள். சென்னையில் விடுதிச் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர்க்க எண்ணுகிறோம். அத்துறையில் மொத்தமே 4 கேமராக்கள்தாம் இருக்கின்றன. இது அவளுக்குப் பின்னடைவாகுமா?

மறுமொழி 1:
அந்த நான்கை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். நான் படித்த துறையில் இருந்தவை மூன்றே; ஆனால் வகுப்பில் நாங்கள் 18 பேர்தாம் என்பதால், வெள்ளிக்கிழமை மாலை பதிவேட்டில் கையெழுத்திட்டு வாங்கினால் திங்கள் காலை வரை கேமரா எங்கள் கையில் இருக்கும். ஃபிலிமைக் கழுவிப் பிரின்ட் போடும் இருட்டறை உண்டா என்றும் பாருங்கள். அங்கே எரியும் சிவப்பு விளக்கு பிரின்ட் போடும் தாளுக்குத்தான் ஆகும். கழுவுவதற்காக ஃபிலிமை ரீலில் சுற்றும்போது துளி வெளிச்சமும் கூடாது. முதல்முறை நான் இருட்டில் தடவித் தடவிச் சுற்றியபோது இரண்டு சுற்றுகள் ஒட்டிக்கொண்டன. படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் திரவம் படாமல் 36 படங்களில் ஐந்து பாழாயின. அதன்பிறகு பொத்தானை அழுத்துமுன் ஒருமுறை யோசிக்கும் பழக்கம் வந்தது.

மறுமொழி 2:
இருட்டறை ஏக்கம் எனக்கில்லை. சிறிய துறைகளில் பெரும்பாலும் குறைவது ஒலிப்பதிவுக் கருவிகளும் விளக்குகளும்தாம். நேரில் போகும்போது, ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த வீடியோ ஏன் மினுங்குகிறது என்று ஆய்வக உதவியாளரிடம் கேளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 நொடியில் வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கும், 1/60-இல் அடங்காது. இதை விளக்கத் தெரிந்தவர் இருந்தால், கேமரா பழையதாக இருப்பது பெரிய குறையன்று.

மறுமொழி 3:
பிரபாத் ஸ்டுடியோ இருந்த வளாகத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட புனே திரைப்படக் கல்லூரியிலும், 1995-இல் தொடங்கப்பட்ட கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்திலும் ஒளிப்பதிவு முதுநிலைப் படிப்புக்கு எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. ஆகவே இந்த மூன்றாண்டுகளில் அவள் எடுத்து முடிக்கும் குறும்படங்களைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இன்று போய்வந்தோம். ஒரு வகுப்புக்கு 22 பேர். இருட்டறையில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ட்யூப்லைட் கேள்விக்கு அந்த உதவியாளர் வாயால் பதில் சொல்லவில்லை. கேமராவை என் மகளிடம் கொடுத்து, ஷட்டரை மாற்றி மாற்றித் திரையைப் பார்க்கச் சொன்னார். விண்ணப்பம் வாங்கிவந்துவிட்டோம்.