பிரதேச சபை ஆக்களுக்கு என்-ரோட்ஸ் காட்டினா பிரயோசனமா?

வாவிக்கரை: மட்டக்களப்பில சபை உறுப்பினர்மாருக்கு காலநிலைக் கொள்கை பற்றி வேக்ஷொப் ஒண்டு செய்யப்போறம், வெறும் ஸ்லைட் காட்டி வேலையில்ல, என்-ரோட்ஸ் எண்ட காலநிலை சிமுலேட்டர் சரிவருமா, ஆராவது பாவிச்சிருக்கீங்களா?

கல்லடியான்: ஓம், நல்லம். கிளைமேட் இன்டராக்டிவ் எண்ட அமைப்பும் அமெரிக்காவில எம்ஐடி பல்கலைக்கழகத்திட ஸ்லோன் முகாமைத்துவப் பள்ளியும் சேர்ந்து செய்தது, இலவசம், பிரவுசர்லயே ஓடும். கார்பன் விலை (கார்பன் வெளியேற்றத்துக்கு விதிக்கிற கட்டணம்), நிலக்கரி வரி எண்டு ஒவ்வொரு ஸ்லைடரா இழுக்க 2100ல உலக வெப்பநிலை எவ்வளவு கூடும் எண்டு அந்த இடத்திலயே மாறும். மரம் நட்டா போதும் எண்டு சொல்றவரையே மரம் நடுற ஸ்லைடரை இழுக்க விடுங்க, எவ்வளவு கொஞ்சமா இறங்குது எண்டு அவரே பாக்கட்டும், நாம எத்தின தரம் சொன்னாலும் அப்பிடி மனசில நிக்காது.

அக்கரைப்பற்று வயல்: தம்பி, அது முழு உலகத்துக்குமான மொடல். வாவி கடலோட சேருற முகத்துவாரம் எப்ப வெட்டுற, எந்த வயல் தாழும் எண்டெல்லாம் சொல்லாது, அதுக்கு நம்மட வெள்ளக் கணக்கு தனியா வேணும்.

வாவிக்கரை: சரி அண்ணே, அப்ப ரெண்டையும் வைக்கிறம்.