சிகரெட்டை விட்டால் கொட்டின முடி திரும்ப வருமா?

கோடைமழை:
வயது 31. பத்து வருடமாக ஒரு நாளைக்கு 10, 12 சிகரெட். நெற்றி இரண்டு பக்கமும் ஏறிவிட்டது, உச்சியிலும் தலைத்தோல் தெரிகிறது. அப்பாவுக்கும் வழுக்கைதான். இதில் சிகரெட்டுக்கு எவ்வளவு பங்கு? இன்றைக்கே விட்டால் போன முடி வருமா? இல்லை, நேராக முடி நடும் சிகிச்சைக்கே போய்விடலாமா?

மயிர்க்கால்:
நீங்கள் சொல்வது பரம்பரை வழுக்கையின் அச்சு அசல் வடிவம். அதைத் தொடங்கி வைப்பது மரபணுவும், டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகிற டிஹெச்டி ஹார்மோனும்தான். சிகரெட் எரிகிற அடுப்பை விசிறிவிடுகிறது. தைவானில் 40 வயதைத் தாண்டிய 740 ஆண்களைப் பரிசோதித்து 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வயதையும் குடும்ப வரலாற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், தினம் 20 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிப்பவர்களிடம் முற்றிய வழுக்கை கூடுதலாகவே இருந்தது.

மயிர்க்காலின் அடியில் இருக்கிற சின்ன முடிச்சுக்குள் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்தான் முடிக்குச் சோறு போடுகிறது. நிகோட்டின் அதைச் சுருக்கும். கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக, வருகிற ரத்தமும் குறைவு, அதில் இருக்கிற ஆக்சிஜனும் குறைவு. பீடிக்கு மாறுவதில் லாபம் இல்லை. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், புகை இன்னும் கூடுதலாக உள்ளே போகும்.

பூனைமுடியாகச் சுருங்கிவிட்ட இடத்தில், சிகரெட்டை விடுவதால் மட்டும் முடி முளைக்காது. விடுவதன் பலன் இருக்கிற முடிக்கு. ஓய்வுக்குப் போன மயிர்க்கால் மறுபடி வேலையைத் தொடங்கவே மூன்று மாதம் ஆகும், அதன் பிறகு மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எனவே தினமும் கண்ணாடி பார்க்காதீர்கள். ஒரே இடம், ஒரே வெளிச்சத்தில் இன்று ஒரு படம், ஆறு மாதம் கழித்து ஒரு படம். அது போதும்.

லேப்ரிப்போர்ட்:
பரம்பரை என்று முடிவு கட்டும் முன் ஒரு சோதனை. தலைக்குக் குளித்து ஒரு நாள் கழிந்ததும், 50, 60 முடியை விரல்களுக்கு நடுவே பிடித்து வேரிலிருந்து நுனிவரை நிதானமாக இழுங்கள். நான்கைந்து இடத்தில் செய்யுங்கள். ஒரு பிடியில் ஆறுக்கு மேல் வந்து, அடியில் குண்டூசித் தலை போல வெள்ளையாக இருந்தால், இரண்டு மூன்று மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலோ பட்டினி டயட்டோ காரணமாக இருக்கலாம்.

புகைப்பவர்கள் ரத்தச் சோதனையில் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் குறைவை ஈடுகட்ட உடல் ஹீமோகுளோபினை ஏற்றி வைக்கும். டெசிலிட்டருக்கு 13.2 கிராம் என்று வந்தால் ஆணுக்கு 13 போதுமே என்று தோன்றும். குறைந்தது 0.3 கழித்துப் பாருங்கள், 12.9. அது ரத்தசோகை. இரும்புக் குறைவும் தைராய்டு கோளாறும்கூட முடியைக் கொட்ட வைக்கும். அதனால் ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டு) இரண்டையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.

கறுப்புவெள்ளை:
நரையை யாருமே சொல்லவில்லையே. 2013இல் ஜோர்டானில் 207 பேரிடம் செய்த ஆய்வில், 30 வயதுக்கு முன்பே நரைப்பது புகைப்பவர்களிடம் சுமார் இரண்டரை மடங்கு. டீக்கடையில் பெரியவர்களின் நரைத்த மீசையைக் கவனியுங்கள், மூக்குக்கு நேர் கீழே மட்டும் மஞ்சள் பூத்திருக்கும். அது தார்க் கறை.

கோடைமழை:
நன்றி. நிகோட்டின் சூயிங்கம் போட்டு சிகரெட்டை விட்டால் அதுவும் ரத்தக்குழாயைச் சுருக்குமே? முடி வளரத் தலையில் தடவுகிற மினாக்சிடில் மருந்தை இப்போதே ஆரம்பிக்கலாமா?

மருந்துப்பெட்டி:
சுருக்கும்தான். ஆனால் கார்பன் மோனாக்சைடு கிடையாதே, சிகரெட்டோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. சாதாரண சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்குங்கள், காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள், அரை மணி நேரம். காபி, டீ குடித்து கால் மணி நேரம் ஆகாமல் போட்டால் சரியாக ஏறாது. ஆலோசனைக்கு 1800-11-2356, கட்டணம் இல்லை.

மினாக்சிடில் 5% என்றால் காலையும் இரவும் 1 மி.லி., காய்ந்த தலைத்தோலில், முடி மேல் அல்ல. ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். முதல் இரண்டு மாதம் கூடுதலாகக் கொட்டலாம். பயந்து நிறுத்திவிடாதீர்கள். அதில் ஆல்கஹால் இருக்கிறது, தீப்பற்றும். தலையில் ஈரம் காய்வதற்குள் தம் பற்றவைக்காதீர்கள்.

நடும் சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். நட்ட முடிக்குப் புது ரத்தக்குழாய் பிடிக்கச் சில நாள் ஆகும், அதுவரை சுற்றியுள்ள திசுவில் கசிவதைக் குடித்தே பிழைக்க வேண்டும். அந்த நேரத்தில் குழாய் சுருங்கினால் முடி பிடிக்காது. சில சமயம் நட்ட இடத்துத் தோலே கறுத்துச் செத்துவிடும். அதனால்தான் முன்னும் பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் புகை கூடாது என்கிறார்கள். சூயிங்கமும் அந்தக் கணக்கில் சேரும், சர்ஜனிடம் மறைக்காதீர்கள். முதலில் உதிர்வு நிற்கட்டும். இல்லாவிட்டால் நட்டது நிற்கும், சுற்றியிருக்கிற சொந்த முடி போய் நடுவில் தீவு மாதிரி தெரியும்.