சுசாட்டோ பவான்: இல்லாத ஷார்ப்பை நாமே போடலாமா?

கெடிலக்கரை (கடலூர்):
நாங்கள் நான்கு பேர்: வயலின், ஆல்டோ ரெக்கார்டர், டெனர் ரெக்கார்டர் (ரெக்கார்டர் என்பது ஊதுகிற குழல், டெனர் ஆல்டோவைவிடத் தாழ்ந்தது), செல்லோ. டீல்மன் சுசாட்டோ 1551-ல் ஆன்ட்வெர்ப்பில் அச்சிட்ட நடனத் தொகுப்பிலிருந்து ஒரு பவான் (நிதானமான நடனம்), ஒரு கலியார்ட் (துள்ளலான மூன்றடி நடனம்) எடுத்திருக்கிறோம். மூல அச்சில் நான்கு குரலும் (சேர்ந்து ஒலிக்கும் நான்கு மெட்டு வரிகள்) நான்கு தனிப் புத்தகம், அடிகளைப் பிரித்துக் காட்டும் பார் கோடே கிடையாது. உட்கார்ந்து மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் ஏற்றிவிட்டேன். பவான் முடிகிற இடத்தில் மேல் குரல் ஜி-எஃப்-ஜி. எஃப்புக்கு ஷார்ப் (ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் குறி) இல்லாததால் சப்பென்று இருக்கிறது. நானே போட்டால் தப்பா? இன்னொன்று, வயலின்தான் மெட்டு வாசிக்கிறது, ஆனால் காதில் விழுவது ஆல்டோதான். செல்லோக்காரர் "மெதுவா ஊதுப்பா" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உப்பளம்வாசி (புதுச்சேரி):
தாராளமாகப் போடுங்க தம்பி. அந்தக் காலத்தில் வாசிக்கிறவரே போட்டுக்கொள்வார் என்றுதான் அச்சில் விட்டிருக்கிறார்கள். நம்மூரில் கீர்த்தனையை ஸ்வரமாக எழுதும்போது கமகத்தைப் பாடகரிடம் விட்டுவிடுவதில்லையா, அந்த மாதிரி. டெனர் குரல் ஏ-யிலிருந்து ஜி-க்கு இறங்குகிறதா பாருங்கள். இறங்கினால் எஃப் ஷார்ப் நிச்சயம். அதே நேரத்தில் வேறு குரல் சாதா எஃப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும் யோசிக்கணும். நீங்கள் சேர்த்த ஷார்ப்பை நோட்டுக்கு இடப்பக்கம் போடாதீர்கள், தலைக்கு மேல் சின்னதாகப் போடுங்கள். எது சுசாட்டோ, எது நீங்கள் என்று அடுத்து வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும். இதைச் செய்யாத பதிப்பை நான் கையில் எடுப்பதே இல்லை.

ஆல்டோ பிரச்சினைக்கு ஊதுபவரைத் திட்டாதீர்கள். ஆல்டோவின் அடி ஸ்வரம் நடு சி-க்கு மேலே உள்ள எஃப், டெனருக்கு நடு சி. உள்குரல்கள் அதற்குக் கீழே போவதால் இருவரும் ஒரு ஸ்தாயி ஏற்றித்தான் வாசிக்கிறார்கள். வயலின் மட்டும் எழுதிய இடத்திலேயே நிற்கிறது, அப்புறம் மெட்டு எப்படிக் கேட்கும்? வயலினையும் ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். மேல் டி-யைத் தாண்டாவிட்டால் மூன்றாம் பொசிஷன் (இடது கையைச் சற்று மேலே நகர்த்தி வைக்கும் நிலை) போதும். செல்லோ இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அடிக்குரல் அடியில்தானே இருக்கணும். எந்தக் குரலுக்கு எந்த வாத்தியம் என்று சுசாட்டோ கட்டாயப்படுத்தவில்லை. எல்லா வாத்தியத்துக்கும் ஏற்றது என்று தலைப்பிலேயே போட்டுவிட்டார்.

கடற்காற்று:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நம்மூர் வெக்கையில் ரெக்கார்டர் சுருதி ஏறும், தந்தி இறங்கும். குழல் சூடாகும்வரை ஊதிவிட்டு, அதற்குப் பிறகு வயலினைச் சேருங்கள்.

கெடிலக்கரை:
வயலினை ஏற்றினோம், மெட்டு பளிச்சென்று கேட்கிறது. நன்றி சார். கலியார்டில் பார் கோடு எங்கே போடுவது? சில இடங்களில் மூன்று மூன்றாக எண்ணினால் இடிக்கிறது.

உப்பளம்வாசி:
இடிக்கத்தான் செய்யும். முடிவுக்கு வரும்போது ஆறு அடி, மூன்று மூன்று என்பதை விட்டு இரண்டு இரண்டாகப் பிரியும். பார் கோட்டை ஸ்டாஃபுக்குக் (ஸ்வரம் எழுதும் ஐந்து கோடுகள்) குறுக்கே போடாமல் இரண்டு ஸ்டாஃபுக்கு நடுவில் மட்டும் போடுங்கள். கோட்டைப் பார்த்ததும் அழுத்துகிற பழக்கம் வயலின்காரர்களுக்கு உண்டு. எனக்கும்தான்.