புதுப்பிப்பு: டிவிடியிலிருந்து மீட்ட கோப்புகளின் அனுமதிச் சிக்கல்

லினக்ஸில் என் சொந்தக் கோப்புகள் இருக்கும் முகப்பு அடைவை டிவிடியில் காப்பெடுத்து மீட்டபோது எல்லாக் கோப்புகளும் 'படிக்க மட்டும்' என மாறிவிட்டதாக முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

வட்டுகளில் கோப்புகளைப் பதியும் ஐஎஸ்ஓ 9660 வடிவம், யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்று சொல்லும் யூனிக்ஸ் அனுமதிகளைத் தன்னளவில் சேமிப்பதில்லை. அவ்வடிவத்துக்கான ராக் ரிட்ஜ் நீட்டிப்பே அதைச் செய்கிறது. ஆனால் வட்டுப் படிமம் உருவாக்கும் நிரலுக்கு நான் கொடுத்திருந்த சிறிய 'ஆர்' (-r) விருப்பம், உரிமையாளரை ரூட் (கணினியின் முழு அதிகாரம் கொண்ட பயனர்) என்று மாற்றி, எழுதும் அனுமதியை நீக்கி, எல்லோரும் படிக்கும்படி ஆக்கிவிடும். பெரிய 'ஆர்' (-R) என்றால் உள்ளது உள்ளபடியே பதிவாகும். ஓர் எழுத்தின் அளவில் இத்தனை வேறுபாடு! 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) என்றிருந்த எஸ்எஸ்எச் தனிச்சாவி (தொலைக் கணினிக்குள் நுழைய உதவும் ரகசியக் கோப்பு) 444 (எல்லோரும் படிக்க மட்டும்) ஆக மீண்டு வந்ததையும், அனுமதி தளர்வாக இருப்பதாகக் கூறி எஸ்எஸ்எச் அதை ஏற்க மறுத்ததையும் கண்ட பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

இப்போது அடைவு முழுவதையும் டார் (பல கோப்புகளை ஒரே கோப்பாக்கும் நிரல்) தொகுப்பாக்கி, 4 ஜிபிக்குக் குறைவான துண்டுகளாகப் பிரித்து எழுதுகிறேன். அனுமதிகள் தொகுப்புக்குள்ளேயே பதிவாகிவிடுவதால், வட்டின் வடிவம் எதுவாயினும் கவலையில்லை. உரிமையாளர் விவரமும் திரும்ப வேண்டுமானால், ரூட் பயனராகவே பிரிக்க வேண்டும். ஏசிஎல் (பயனர்வாரியாகத் தரும் கூடுதல் அனுமதிப் பட்டியல்) பயன்படுத்துவோர் அதற்குரிய விருப்பத்தைத் தொகுக்கும்போதும் பிரிக்கும்போதும் தனியே சேர்க்க வேண்டும்.